நாற்பத்திரண்டாம் பக்கத்துக் குடும்பம்

கோவில்பட்டி ரயில்வே கேட்டை ஒட்டிய தெருவில், கேட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் ஏழரை மணிக்கு, ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரு சாண் கழுத்து நீண்டது. வலி ஒன்றும் இல்லை. டி.வி.யில் தொடர் ஓடிக்கொண்டிருந்ததால் விளம்பரம் வரும்வரை அவர்களுக்கே அது தெரியாது. விளம்பரம் வந்து, உலையைப் பார்க்க எழுந்த ஆவுடையம்மாளுக்கு என்றைக்கும் இடிக்காத அடுக்களை நிலை நெற்றியில் இடித்தது. திரும்பிப் பார்த்தால் அவள் புருஷன், அவள் நாத்தனார், மகன், மருமகள் நாலு பேரும் குளத்தங்கரைக் கொக்குகளைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டை காலருக்கு என்ன செய்யிறது?" என்று புருஷன் கேட்டார். விளம்பரம் முடிந்துவிட்டது. எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று காலை வந்த 'வார விசிறி' பத்திரிகையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், நத்தை என்று கையெழுத்துப் போடுகிற ஓவியர் ஒரு கேலிச்சித்திரம் வரைந்திருந்தார். அப்பா, அம்மா, அத்தை, மகன், மருமகள் ஐந்து பேரும் நீண்ட கழுத்தை டி.வி. பக்கம் நீட்டி உட்கார்ந்திருக்க, பின்னால் ஒரு திருடன் பீரோவைத் தூக்கிக்கொண்டு, 'சாமி, கொஞ்சம் காலை மடக்குங்க' என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கை வைத்த பிரம்பு நாற்காலி, ஆணியில் தொங்குகிற பச்சைத் துண்டு, மடியில் வறுத்த கடலைத் தட்டு, பூப்போட்ட துணி மூடிய டி.வி. என்று எல்லாமே அந்த வீட்டில் இருக்கிறபடியே இருந்தது. திருடனும் அன்றைக்கு வந்திருக்கிறான். பீரோவை வாசல்வரை நகர்த்தியவன், தொடரில் அபரஞ்சி என்கிற பெண்ணை நாத்தனார் வீட்டைவிட்டு விரட்டுகிற கட்டத்தில் ஒரு நிமிஷம் நின்று, பீரோவை மறந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான் என்பதை மறுநாள் பீரோ கிடந்த இடத்தைப் பார்த்துத் தெரு அறிந்துகொண்டது.

பக்கத்து வீட்டு அருள்மணி டீச்சர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் டி.வி. கிடையாது, அதை எங்கேயும் சொல்லத் தவறமாட்டாள்.

"ஆவுடையக்கா, இது உங்களைப் பெருமைப்படுத்திப் போட்டதில்ல. கேலி பண்ணியிருக்கான். டி.வி.யே கதின்னு கிடக்கிற குடும்பம்னு நாடு பூராச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் டீச்சர். சிரிக்கிறதுக்கும் நம்ம மொகத்தைப் பாத்தாத்தான முடியும்? கேட்டு அடைச்சா நம்ம வாசல்ல எத்தன பஸ்ஸு நிக்குது. ஒருத்தராவது இந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்திருக்காகளா? இவரு பாத்திருக்காரு."

சொன்னதோடு நிற்கவில்லை அவள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படங்களின் வரிசையில் கடைசியாக மாட்டினாள். மகன் கோமதிநாயகம் வேலை பார்க்கிற கடலைமிட்டாய்ப் பட்டறையிலிருந்து ஒரு டப்பா வாங்கிவரச் சொல்லி, பத்திரிகையில் படம் வந்திருக்கிறது என்று தெரு முழுக்க வீடு வீடாகக் கொடுத்தாள். டீச்சரும் ஒன்று எடுத்துக்கொண்டாள். கேலிக்கு மிட்டாய் கொடுத்த குடும்பம் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள்; சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும், தங்கள் தெருவில்தான் அது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

நீண்ட கழுத்து நீண்டபடியே இருந்துவிட்டது. ஆவுடையம்மாள் தாலிச் சரட்டை ஒரு சாண் கூட்டிக் கோத்துக்கொண்டாள். மருமகள் செண்பகவல்லி தன் ரவிக்கைகளுக்கெல்லாம் தானே உயரக் கழுத்து வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்ள, ஒரே மாதத்தில் அந்த மாதிரி ரவிக்கை வேண்டும் என்று பசுவந்தனை ரோடுவரைக்கும் கேட்டு வந்தார்கள். பங்குனித் தேரோட்டத்தன்று, எள் விழ இடமில்லாத கூட்டத்தில், ஐந்து தலைகள் மட்டும் மேலே நின்றன. குள்ளமானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நாத்தனார் உலகம்மாளைச் சுற்றி நின்றுகொண்டு, "மதினி, அம்மனுக்கு இன்னைக்கு என்ன கலர் பட்டு? மூக்குத்தி தெரியுதா?" என்று கேட்க, அவள் தொடர் கதையைச் சொல்வதுபோலவே, அடுத்து என்ன என்ற இடத்தில் சற்று நிறுத்தி நிறுத்தி, தேர் நிலைக்கு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் நத்தை அந்தக் குடும்பத்தை வரைந்தார். காலையில் என்ன வரைந்து வருகிறதோ அது சாயங்காலம் ஏழரைக்கு அந்த வீட்டில் நடந்தது. தெரு இதற்கும் ஓர் ஒழுங்கு கண்டுபிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் வருகிற பத்திரிகைக் கட்டை, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடையும் பேப்பர் கடையும் சேர்த்து வைத்திருக்கிற பால்துரை அண்ணாச்சி பிரிப்பார். மற்ற பக்கங்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக நாற்பத்திரண்டைத் திறந்து, டீ குடிக்கிறவர்கள் கேட்க வாசித்துவிட்டு, ஆவுடையம்மாள் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா மொட்டைமாடியில் டிஷ்ஷைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் மேல் மட்டும் மேகம் கவிழ்ந்து கொட்ட, கீழேயிருந்து அம்மா, 'இன்னும் கொஞ்சம் இடது பக்கம்' என்று கத்துகிற படம் வந்தது. எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற தெரு அது. ஐந்து மணிக்கே அந்த வீட்டைச் சுற்றிக் குடமும் அண்டாவும் பேரலும் வரிசை போட்டாயிற்று. ஏழரைக்கு அந்த ஒரு மாடியில் மட்டும் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நனைந்த மனுஷனைப் பார்த்து, "மாமா, கொஞ்சம் கிழக்கால நகந்து நில்லுங்க, எங்க பேரலு நெறையலை" என்றார்கள்.

இன்னொரு வாரம், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த விருந்தாளியை யாரும் திரும்பிப் பார்க்காததால் அவர்மேல் சிலந்தி வலை கட்டிவிட்டதாகப் படம். அன்றைக்கென்று சாத்தூரிலிருந்து வந்த சங்கதி தெரியாத சித்தப்பா ஒருவர் வலையோடுதான் ஊர் திரும்பினார். மறுவாரத்திலிருந்து அண்ணாச்சி கடைப் பலகையில் விளம்பரம் வருகிற நேரத்தைச் சாக்பீஸால் எழுதிவைக்க ஆரம்பித்தார். அந்தத் தெருவில் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அந்தப் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரபாண்டி, பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது எடுக்க வேண்டும் என்று விசில் ஊதி, ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் ஒரு வண்டியிலும் ஏறாதவர். அத்தனை வருஷமும் நின்றே வேலை பார்த்தவர் ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, "இனிமே எல்லா ஊரும் இங்க வரட்டும்" என்றார். வந்தது. அன்றிலிருந்து அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் யார் எங்கே உட்கார்வது என்பது மாறியதே இல்லை. நடுவில் அவர். அவருக்கு இடது பக்கம் முக்காலியில் ஆவுடையம்மாள். வலது பக்கம் பெஞ்சில் அவர் தங்கச்சி உலகம்மாள். காலடியில், தரையில், மகன். அடுக்களை நிலையில் சாய்ந்தபடி, பின்னால், மருமகள். கடலைத் தட்டு ஆவுடையம்மாளிடம் தொடங்கி அவர் கைக்குப் போய், அங்கேயிருந்து உலகம்மாளுக்குப் போகும். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, கையை நீட்டினால் கை இருக்கும்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் முக்கால்வாசியை ஒரு ஜவுளி விளம்பரம் எடுத்துக்கொண்டது. படம் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. கரண்டு போன வீட்டில் குடும்பம் அப்படியே உட்கார்ந்திருக்க, அம்மா, 'பேசாம பாருங்க, இருட்டுக் காட்சி போல' என்கிறாள். அண்ணாச்சி வாசித்தார், டீக்கடை சிரித்தது. ஏழரைக்குக் கரண்டு போகும் என்று தெரு முழுக்க மெழுகுவர்த்தி தயாரானது. தலைகளை யாரும் எண்ணவில்லை.

சொன்னபடியே கரண்டு போனது. ஐந்து நிமிஷம் இருட்டு டி.வி.யைப் பார்த்தார்கள். கரண்டு வந்தது, தொடர் வந்தது, ஆவுடையம்மாள் திரும்பாமலே கடலைத் தட்டை வலது கைப்பக்கம் நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. அபரஞ்சிக்கு வந்த கடிதத்தை நாத்தனார் ஒளித்துவைக்கிற இடம், அதனால் அவள் தட்டை நீட்டியபடியே இருந்தாள். கை கடுத்தது. "ஏங்க, கையைக்கூட நீட்ட மாட்டீகளோ" என்று கடிந்தாள். விளம்பரம் வந்தது. திரும்பினாள்.

நாற்காலியில் பச்சைத் துண்டும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. பிரம்பு இன்னும் சூடாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் தேடியாயிற்று. அண்ணாச்சிதான் கடைசியில், டியூப் லைட்டுக்குக் கீழே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து எண்ணினார். அம்மா, அத்தை, மகன், மருமகள். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"தங்கச்சி, தப்பு எம்மேலதாம்மா. சிரிப்பை வாசிச்சேன், ஆளை எண்ணலை."

"நான் பக்கத்துலயே இருந்தேன் அண்ணாச்சி" என்றாள் ஆவுடையம்மாள். "வெளம்பரம் வர்ற வரைக்கும் நானும் எண்ணலையே."

அதை அவள் அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏழரைக்கு அந்த வீட்டில் டி.வி. போடவில்லை. நாலு கழுத்தும் வாடிய வாழைக்குருத்து மாதிரி முன்பக்கம் சாய்ந்துகொண்டன. மறுவாரம் பத்திரிகை வந்தது. மூலையில் அதே தீப்பெட்டி, அதே நாலு பேர். அதற்கடுத்த வாரமும் நாலு. மகன் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டான். பக்கம் குறைந்துவிட்டது, ஐந்து தலைக்கு இடமில்லை, அப்பாவை எடுத்துவிட்டாலும் ஜோக்குப் புரிகிறதே என்றார்கள். விலாசம் மட்டும் கொடுத்தார்கள். மதுரை, எல்லீஸ் நகர், வீட்டுவசதிக் குடியிருப்பு, மாடி.

அந்த நாட்களில் தெரு தனக்குள் ஒரு காரியம் பேசி வைத்துக்கொண்டது. அதை ஆவுடையம்மாளிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, புருஷனின் கண்ணாடி, துண்டு, பித்தளை விசில் மூன்றையும் ஒரு மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு ஆவுடையம்மாள் மதுரை பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, மேலே கம்பி இடிக்காத முன் சீட்டில் உட்காரவைத்தார்.

"சங்கரபாண்டி அண்ணன் வீட்டம்மா தான? அண்ணன் இன்னும் வரலியாம்மா?"

"கூட்டிட்டு வரத்தான் போறேன்."

கண்டக்டர் தன் விசிலை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அவளைப் பார்த்தார். அவள் மஞ்சள்பையிலிருந்து அந்தப் பித்தளை விசிலை எடுத்து ஊதினாள். முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பழகின வண்டிகள், பக்கத்தில் நின்ற திருநெல்வேலி வண்டி உட்பட, ஒருசேர நகர்ந்தன.

எல்லீஸ் நகரில் கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். விரலெல்லாம் மை. எதிரே நிற்கிற நீண்ட கழுத்தை, தான் போட்ட கோட்டைத் தானே அடையாளம் காண்கிற மாதிரி, மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வாங்கம்மா. கழுத்து வலிக்குதா?"

"கழுத்து கெடக்கட்டும். அம்மன் தேரு நல்லாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அது சுவரைப் பார்த்துக் கிடந்தது. "தம்பி, நீங்க எங்களக் கேலி பண்ணுங்க. வேண்டாம்னு சொல்ல நான் வரலை. நாங்க பாக்கத்தான் செய்யிறோம், இனியும் பாப்போம். பீரோவைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க, மழையக் கொட்டுங்க, என்னமும் செய்யிங்க. ஆளைக் குறைக்காதீங்க."

ஓவியர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம்.

"இவ்வளவுதாம்மா இடம். தீப்பெட்டி."

"தீப்பெட்டிக்குள்ள அம்பது குச்சி அடுக்குற ஊரு தம்பி எங்க ஊரு. அஞ்சு பேரை அடுக்க உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "அடுக்கிரலாம். ஆனா அவரு எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாதே. ஒருநாள் திருச்செந்தூர் போற வழியில கேட்டு அடைச்சிருந்துச்சு. பஸ்ஸுல இருந்து உங்க ஜன்னலைப் பாத்தேன். நீல வெளிச்சம். அஞ்சு மொகமும் ஒரே பக்கம். நாற்காலி தெரிஞ்சது, துண்டு தெரிஞ்சது. மொகம் தெரியலை. எல்லா அப்பாவுக்கும் போடுற வழுக்கையும் மீசையுந்தான் அவருக்கும் போட்டேன். அவரு அங்கயே இருந்த வரைக்கும் அது செல்லுச்சு. இப்ப அதையே போட்டா, வழுக்கையும் மீசையுமா எவனோ ஒருத்தன் வந்து உங்க நாற்காலியில உக்காந்துருவான். உங்க வீட்டுக்காரருல்ல வரணும்?"

ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷப் புருஷன். முகத்தை நினைத்தால் முகம் வரவில்லை, தட்டை நீட்டிய கை கடுத்ததுதான் வந்தது. ஊர் சிரித்தது சரிதானோ என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. பிறகு, இருட்டு டி.வி. மெல்ல வெளிச்சம் ஆவது போல, முக்காலியில் உட்கார்ந்தால் தெரிகிற அவர் வந்தார்.

"இடது காதுல ரெண்டு முடி, சுருண்டு இருக்கும்" என்றாள். "கன்ன எலும்பு கொஞ்சம் தூக்கல். நீல வெளிச்சம் அதுலதான் மொதல்ல விழும். வெசில் கடிச்ச பல்லு, இடது ஓரத்துல, தேஞ்சிருக்கும். யாரும் அழுற சீனு வந்தா தொண்டக்குழி ஒரே ஒரு தடவ ஏறி எறங்கும். அழுதா நமக்குத் தெரியக்கூடாதுன்னு எச்சிலை முழுங்குறாகளாம்."

பென்சில் ஓடியது. அவர் வரைந்தது அவள் சொன்னதுதான். பாதி முகம் அச்சாக வந்திருந்தது.

"வலது பக்கம்?"

அவளுக்குத் தெரியாது. அவள் என்றைக்கும் வலது பக்கம் உட்கார்ந்ததில்லை. ஒரு கணம் கையைப் பிசைந்தவள், சட்டென்று போனை எடுத்து, வீட்டுக்குப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"உலகு, அண்ணனுக்கு வலது பக்கம் எப்படிளா இருக்கும்?"

என்ன ஏது என்று அங்கே கேட்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்கிற சத்தம் கேட்டது. "புருவத்துல ஒரு வெட்டு மதினி, சின்னப்பிள்ளையில நான் பம்பரம் எறிஞ்சது. அதுக்குக் கீழ மச்சம், மொளகு கணக்கா. நாத்தனாக்காரி அட்டூழியம் பண்ணுனா அந்தப் புருவம் மட்டும் ஏறும். என்னையவே பாக்குற மாதிரி இருக்கும்."

"தாடைக்கு அடியில ஷேவ் பண்ணாம விட்டிருப்பாரு" என்று மகன் குரல் கீழேயிருந்து வந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கால் பெருவிரல் ஆடிக்கிட்டே இருக்கும் சார். கதை சூடாச்சுன்னா ஆட்டம் நின்னுரும். நான் டி.வி.யப் பாக்குறதை விட்டு விரலைத்தான் பாப்பேன்."

"யத்தே, பின்மண்டையில ரெட்டைச் சுழி" என்றாள் செண்பகவல்லி, அடுக்களை நிலையிலிருந்து. "மாமா தூங்கிட்டா தல இடது பக்கம், உங்க தோளுக்கு ஒரு சாண் பக்கத்துல வந்து நிக்கும். சாயாது. நிக்கும்."

நத்தை என்கிற அந்த ஓவியர் பென்சிலை வைத்துவிட்டார். தாளில், முன்னும் பின்னும், இடமும் வலமும், கீழும் மேலுமாக, ஒரு முழு மனுஷன் இருந்தார். எந்தக் கேமராவும் அப்படி எடுத்திருக்காது. ஆவுடையம்மாள் அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"பாத்தீகளா தம்பி. நாலு பேரும் டி.வி.யத்தான் பாத்தோம்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, அவளிடம் என்றில்லாமல், "எங்க வீட்டுல ஆறு பேரு. எல்லாரும் ஒரே பக்கமாப் பாத்து உக்காந்ததே இல்லம்மா. அன்னைக்குக் கேட்டு தொறந்து பஸ்ஸை எடுத்துட்டான். இன்னும் கொஞ்சம் அடைச்சிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு" என்றார்.

ஜோக் வேண்டுமே என்றார் பிறகு. அதை அவளே சொன்னாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வருகிற மனுஷன் வாசலில் நின்று, 'கதை எங்க நிக்குது?' என்று கேட்கிறான். குடும்பம் திரும்பாமலே, 'உக்காருங்க, விளம்பரத்துல சொல்றோம்' என்கிறது.

"அப்புறம் அவரு வரும்போது உங்களால திரும்ப முடியாதே" என்றார் ஓவியர்.

"கேலின்னா கேலியாத்தான இருக்கணும். போடுங்க."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அண்ணாச்சி கட்டைப் பிரித்தார். வாசிக்கவில்லை. முதலில் எண்ணினார். மூலையில், தீப்பெட்டிக்குள், தோளோடு தோள் நெருக்கி, குச்சி அடுக்கின மாதிரி, ஐந்து. கடையிலிருந்தே, "அஞ்சு" என்று குரல் கொடுத்தார். தெரு முழுவதும் கேட்டது.

ஏழரைக்கு டி.வி. போட்டார்கள். நாலு கழுத்தும் திரையைப் பார்த்து நின்றன. திரும்பவேண்டும் என்று ஆவுடையம்மாளுக்கு உயிர் துடித்தது. படத்தில் இல்லாததால் கழுத்து திரும்பவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"கதை எங்க நிக்குது?"

"உக்காருங்க, வெளம்பரத்துல சொல்றோம்."

பிரம்பு நாற்காலி முனகியது. அவள் கடலைத் தட்டை நீட்டினாள். ஒரு கை வாங்கியது. கடைக்கண்ணில், நீல வெளிச்சத்தில், சுருண்ட முடி இரண்டு தெரிந்தது.

விளம்பரம் வந்ததும் நாலு பேரும் திரும்பினார்கள். மச்சம் இருந்தது, வெட்டு இருந்தது, சுழி இரண்டும் இருந்தன. எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. "அந்த அபரஞ்சிப் புள்ளைக்கு என்னாச்சு?" என்றார். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மூன்று வாரம் அந்த வீட்டில் டி.வி. ஓடவில்லை. ஒருவருக்கும் தெரியாது.

வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டது. தெரு நின்றது. மூன்று வாரமும் அவர்கள் முறை போட்டுத் தொடரைப் பார்த்து வைத்திருந்தார்கள். சங்கரபாண்டி திரும்பி வந்தால் முதலில் என்ன கேட்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் வாரம் திங்கட்கிழமையை அண்ணாச்சி சொன்னார். செவ்வாயை எதிர்வீட்டு மருமகள் சொன்னாள். விளம்பரம் முடிந்தபோது சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு கேட்டார்கள். அபரஞ்சிக்குக் கடிதம் கிடைத்த வியாழக்கிழமைக்கு ஆள் யாரென்று எல்லோரும் திரும்பிப் பார்க்க, அருள்மணி டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் எதிர்வீட்டு ஜன்னல் வழியா, நின்னுக்கிட்டேதான் பாத்தேன்" என்று ஆரம்பித்தாள். அன்றைய கதையை அவளைப் போல யாரும் சொல்லவில்லை. கடிதத்தை வரி பிசகாமல் ஒப்பித்தாள். சங்கரபாண்டியின் தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. கால் பெருவிரல் ஆடாமல் நின்றது. ஆவுடையம்மாள் இரண்டையும் பார்த்தாள். மறுபடியும் கழுத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் படத்துக்கும் கண்ணாடி போட்டாயிற்று. தீப்பெட்டி அளவுப் படத்துக்குக் கண்ணாடி வெட்ட ஆள் கிடைக்காமல், பழைய கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் பதித்து மாட்டினாள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் ஆறு மணி பஸ்ஸில் கட்டு வருகிறது. அண்ணாச்சி முதலில் எண்ணுகிறார், பிறகுதான் வாசிக்கிறார். புரட்டாசியில் ஒருநாள் அவர் எண்ணி முடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு யாரையும் அனுப்பாமல் தானே நடந்து வந்து, வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாளிடம் படத்தைக் காட்டினார். ஐந்து நீண்ட கழுத்துகளுக்குப் பக்கத்தில், தரையில், மகனை ஒட்டினாற்போல், விரலெல்லாம் மையோடு, சாதாரணக் கழுத்தோடு ஒருவர் உட்கார்ந்து அவர்கள் பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருது தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. "ராத்திரிக்கு ஒரு ஆளுக்குச் சேத்து உலை வையிம்மா."